புதன்கிழமைத் தோட்டாக்கள்

அத்தியாயம் 5

சைமி தொட்ட எந்தப் பொருளும் வாயை மூடிக்கொண்டு இருந்ததாகச் சரித்திரம் இல்லை. அவளுடைய டாக்ஸிகூடக் கிளம்பும்போதும் நிற்கும்போதும் எதையாவது முனகும். அப்படிப்பட்டவள், ஒரு பெட்டித் தோட்டாவை ஓசைப்படாமல் மாற்றி வைத்துவிட்டாள் என்று யல்மரி கொக்கொனன் சொல்கிறான். ஹௌகிலம்பி ஊரே அதை நம்புகிறது.

ஆர்வோ தொல்வனனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. யல்மரி என்ற பெயர் காதில் விழுந்தாலே அவருக்கு இருபத்தாறு வருஷமாக வயிறு எரியும்.

"மணி மூணேகால், கான்ஸ்டபிள்," என்றாள் சைமி, ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்தபடி. "ஆறு மணிக்கு ரைபிள் சங்கக் கூட்டம். கோப்பையைப் பிடுங்கிட்டு, பேரையும் அடிச்சிட்டு, ரைபிளோட என்னை வெளியே அனுப்பிடுவாங்க. அதுக்குள்ள ஏதாவது கண்டுபிடிக்கிற உத்தேசம் இருக்கா?"

"ரிட்டயர்டு கான்ஸ்டபிள்."

"அது தெரியுது. வேலை செய்யறப்பவும் இதே வேகம்தான்."

ஆர்வோ அந்தப் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு தோட்டாவை விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டிருந்தார். பித்தளைக் கூடு பளபளத்தது. அடியில், ஊசி தட்டி வெடிக்கும் 'கேப்' மூடியைச் சுற்றி, மெல்லிய சிவப்பு வளையம். ஐலாவின் நகப்பூச்சு. யல்மரியின் மனைவி ஐலா, சுட்ட கூட்டில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தன் கையால் ஏற்றும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் இந்தப் பொட்டு வைத்துத்தான் அனுப்புவாள்.

நடந்தது இவ்வளவுதான். ஃபின்லாந்து ராணுவம் எப்போதோ கழித்துக்கட்டிய போர்க்காலத்து ரைபிள்களுக்கு மட்டுமான போட்டி, ஞாயிற்றுக்கிழமை. கடைசிச் சுற்றுக்கு மிஞ்சியவர்கள் யல்மரியும் சைமியும். ஆளுக்குப் பத்துத் தோட்டா, பத்து நிமிஷம். கடைசிச் சுற்றுக்கான பெட்டியைக் காலையிலேயே மேஜைமேல் வைத்துவிட வேண்டும், பிறகு மாற்றக்கூடாது என்பது விதி. யல்மரி படுத்தான், பெட்டியைத் திறந்தான், முதல் தோட்டாவை உள்ளே தள்ளினான். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடி கீழே இறங்க மறுத்தது. இரண்டாவதும் அப்படியே. பத்தும் அப்படியே. பத்து நிமிஷமும் அவன் அந்தக் கைப்பிடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்துப் பாயில் சைமி நிதானமாகத் தன் பத்தையும் சுட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டாள்.

"நான் மாத்தியிருந்தா அந்த ஆளோட மூஞ்சியை நின்னு பாத்திருப்பேனே. அதை விட்டுட்டு காப்பிக்கா போவேன்?" என்றாள் சைமி. "சிவப்புப் பொட்டு வேற வெச்சேனாம். என் நகத்தைப் பாருங்க. இதுல பூச்சு நிக்குமா?"

பார்த்தார். என்ஜின் ஆயில்தான் நின்றது.

"மொதல்ல ஐலாவைப் பாப்போம்," என்றார் ஆர்வோ.

"அதானே. சுத்திச் சுத்தி அங்கதான் வரும்னு தெரியும்."

சொன்னதில் கொஞ்சம் காரம் இருந்தது. ஆர்வோ அதைக் கவனிக்கவில்லை. அவருடைய நினைப்பு ஏரிக்கரை நடனக் கொட்டகைக்குப் போய்விட்டது. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூலை மாலை. ஐலாவோடு இரண்டு டாங்கோ ஆடி முடித்திருந்தார். அடுத்தது பெண்கள் துணையைத் தேர்ந்தெடுக்கும் சுற்று. அவள் நேராக நடந்து வந்தாள், அவரைத் தாண்டிப் போனாள், யல்மரியின் முன்னால் குனிந்து வணங்கினாள். அன்றைக்குப் பற்றியது இன்னும் அணையவில்லை. யல்மரி கோப்பை வாங்கும் ஒவ்வொரு வருஷமும் ஆர்வோ கைதட்டுவார். ஐலா ஏற்றிய தோட்டா இருந்தால் ஆட்டுக்குட்டிகூட ஜெயிக்கும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே தட்டுவார்.

ஐலா, சவுனா என்கிற நீராவிக் குளியலறைக்குப் பக்கத்துக் கொட்டகையில் இருந்தாள். மூக்கு நுனியில் கண்ணாடி, சிவப்பு நகம், மேஜையோடு திருகிய அழுத்துக் கருவி, குட்டித் தராசு. எல்லாம் அதனதன் இடத்தில்.

"வா ஆர்வோ. சைமி, நீயும் வா. காப்பி சூடா இருக்கு."

ஆர்வோ தோட்டாவை நீட்டினார். "இது நீ ஏத்தினதுதானான்னு பாத்துச் சொல்லணும்."

அவள் அதைக் கருவியில் பிடித்து, குண்டை உருவி எடுத்து, மருந்தைத் தராசில் கொட்டினாள். முள் ஆடி நின்றது. "என் அளவுதான். குண்டும் நான் வெச்சதுதான். பொட்டும் என்னோடதுதான்."

"அப்படின்னா யாரு மாத்தினது?"

"மாத்தினாங்கன்னு நான் சொல்லலையே. அவர்தானே சொல்றார்."

"நல்ல தோட்டாதான். பின்ன ஏன் உள்ள போகல?"

ஐலா காலிக் கூடு ஒன்றை எடுத்துக் காட்டினாள். பழக்கமான கை, பழக்கமான பேச்சு. "சுடறப்ப பித்தளை ஊதிக்கும் ஆர்வோ. ஊதி, அந்த ரைபிள்ல தோட்டா உக்கார்ற அறை எவ்வளவு பெருசோ அந்த அளவுக்கே நின்னுடும். திருப்பி ஏத்தறப்ப நான் கழுத்தை மட்டும்தான் இறுக்குவேன், குண்டு நிக்கணுமே அதுக்கு. உடம்பைத் தொடமாட்டேன். தொடலைன்னா கூடு ரொம்ப நாள் உழைக்கும், குறியும் நல்லா விழும். ஆனா அவர் ரைபிள்ல வெடிச்சது அவர் ரைபிளுக்குத்தான் கச்சிதம்."

மேஜையில் ஒரு இரும்பு வளையம் இருந்தது. யல்மரியின் ரைபிள் அறை அளவுக்குக் கடைந்தது. அவள் கையிலிருந்த கூட்டை அதற்குள் போட்டாள். டக். முழுசாக இறங்கியது.

"ஒவ்வொண்ணையும் இதுல போட்டுப் பாத்துட்டுத்தான் ஏத்துவேன்."

"இதையும் போடுங்க, பாப்போம்," என்றாள் சைமி, இப்போது உருவிய கூட்டை எடுத்து நீட்டி.

"அது எதுக்கு? போகாதுன்னுதான் ஊருக்கே தெரிஞ்சு போச்சே." ஐலா திரும்பிக் காப்பி ஊற்றினாள். ஊற்றிய கை ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஆர்வோ அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கை யல்மரிக்காக இருபத்தாறு வருஷம் மருந்து அளந்திருக்கிறது.

டாக்ஸிக் கதவைச் சாத்தியதும் சைமி ஆரம்பித்தாள்.

"காப்பி எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"கண்ணு மட்டும் சரியில்ல போல. ஒவ்வொரு கூட்டையும் வளையத்துல போட்டுப் பாக்கறவங்க, அந்தப் பத்தை மட்டும் போட்டுப் பாக்காமலா ஏத்தியிருப்பாங்க? பாத்திருந்தா, யல்மரி ரைபிளுக்குப் போகாதுன்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சேதான் வெச்சிருக்காங்க."

"ஐலா அப்படிப்பட்டவ இல்ல!" சத்தம் அவருக்கே அதிகமாகப் பட்டது.

"நான் மட்டும் அப்படிப்பட்டவளா?"

வண்டி பிர்ச் மரங்களுக்கு நடுவே ஓடியது. ஆர்வோ மனசுக்குள் கணக்குப் போட்டார். ஐலாவைக் காட்டிக் கொடுத்தால் சைமி பிழைப்பாள். வாயை மூடிக்கொண்டால், மாமூலாக உதவிக்கு வந்து பெட்ரோல்கூடக் கேட்காத இந்தப் பொம்பளை, ஊரில் தலைகாட்ட முடியாமல் போவாள். கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டென்று நிமிர்ந்தார்.

"சைமி. ஐலா ஏத்தினா. சரி. ஆனா கூடு கடைசியா வெடிச்ச ரைபிளோட அளவைத்தான் வாங்கும். இது யாரோட அளவு?"

சைமி பிரேக்கை மிதித்தாள். "யல்மரியோட அளவு இல்ல. யல்மரி ரைபிள்ல வெடிக்காத கூடு, யல்மரி வீட்டுக்கு எப்படி வந்துச்சு?"

"அதைத்தான் கேக்கறேன்."

"ஆக, செருப்பு கையில இருக்கு, காலைத் தேடப் போறோம்," என்று வண்டியைத் திருப்பினாள் சைமி.

புதன்கிழமை என்றால் பயிற்சி நாள். ஐந்தரைக்கே சங்கக் கட்டடத்தில் முக்கால்வாசிப் பேர் வந்துவிட்டார்கள். சுவர்ச் சட்டத்தில் ரைபிள்கள் வரிசையாக நின்றன. மூலையில் ஐலா, காப்பிப் பானையோடும் இலவங்கப்பட்டை ரொட்டியோடும். இந்த வாரம் காப்பி அவள் முறை.

யல்மரி நடுவில் நின்றிருந்தான். ஐம்பத்தெட்டு வயசுக்கு அநியாயத்துக்கு அழகாக இருந்தான். அதுவும் ஆர்வோவுக்குப் பிடிக்காத விஷயங்களில் ஒன்று.

"என்ன ஆர்வோ, உன் டாக்ஸிக்காரிக்கு வக்கீலா வந்திருக்கியா?"

"செருப்பு விக்க வந்திருக்கார்," என்றாள் சைமி.

குண்டும் மருந்தும் இல்லாத அந்த வெறுங்கூட்டை ஆர்வோ உயர்த்திக் காட்டினார். சங்கத் தலைவரான பால் பண்ணைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னார். கூடு எந்த ரைபிளில் வெடித்ததோ அந்த ரைபிளில்தான் போல்ட் மூடும். சைமியின் ரைபிளில் மூடினால் சைமி குற்றவாளி.

முதலில் யல்மரியுடையது. மூடவில்லை. அடுத்தது சைமியுடையது. கட்டடமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. கைப்பிடி பாதியில் நின்றுவிட்டது.

"நான் ஒல்லி, என் ரைபிளும் ஒல்லி," என்றாள் சைமி. நெற்றியில் மட்டும் வேர்த்திருந்தது.

வரிசையாகப் பதினான்கு ரைபிள். ஒன்றிலும் மூடவில்லை.

யல்மரி சிரித்தான். "பாத்தீங்களா? வெளியூர்ல எங்கயோ சுட்ட கூட்டைக் கொண்டு வந்து ஏமாத்தியிருக்கா. தலைவரே, நேரத்தை வீணாக்காம பேரை அடிங்க."

அப்போதுதான் கதவு திறந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மெர்வி, தோளில் ரைபிள் பையோடு வந்தாள். ஹெல்சிங்கியிலிருந்து வசந்தத்தில்தான் ஊருக்குக் குடிவந்தவள். "பஸ்ஸை விட்டுட்டேன்... அப்புறம் கார்லயே வந்துட்டேன்," என்று மூச்சு வாங்கினாள்.

"உங்க ரைபிளைக் கொஞ்சம் குடுங்கம்மா," என்றார் ஆர்வோ.

"அது எதுக்கு?" என்று குறுக்கே வந்தது யல்மரியின் குரல். "அவங்க புதுசு. போட்டியிலயே கலந்துக்கல. விடு ஆர்வோ."

கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டது. சைமி ஆர்வோவின் விலாவில் முழங்கையால் இடித்தாள்.

மெர்வியுடையது போரில் எதிரியிடமிருந்து பிடித்த பழைய ரஷ்ய ரைபிள். அறை தாராளமாகக் கடைந்தது. ஆர்வோ கூட்டை வைத்துத் தள்ளி, கைப்பிடியைக் கீழே அழுத்தினார். அழுத்தக்கூட வேண்டியிருக்கவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது.

எல்லாத் தலையும் மெர்வி பக்கம் திரும்பியது.

"மெர்வி, நீயா?" என்றார் தலைவர்.

"நானா? என்ன நானா?" அவள் கூட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். சிவப்புப் பொட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அட, இது யல்மரி எனக்குக் குடுக்கற தோட்டாவாச்சே! புதன்கிழமை புதன்கிழமை பத்துத் தருவார். சொல்லிக் குடுக்கறதுக்காக. சுட்டு முடிச்சதும் கூட்டை ஒண்ணு விடாம பொறுக்கித் திருப்பிக் குடுத்துடுவேன். பித்தளையை விட்டுட்டு வீட்டுக்குப் போகக்கூடாதுன்னு அவர்தான் சொல்லுவார்."

பின்வரிசையில் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள். ஊரில் எவனும் செய்யக்கூடிய தப்புதான் அது. இன்னொருத்தியிடம் மனசைக் கொடுத்தவன், பத்துப் பித்தளைக் கூட்டைக் கொடுக்க மனசு வராமல், சாட்சியத்தைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டு மனைவியின் மேஜைக்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறான். அதுவும் வாராவாரம். ஒருநாளாவது அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தால், பித்தளை தான் பார்த்ததைச் சொல்லிவிடும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

"'உனக்காக ராத்திரி உக்காந்து என் கையால ஏத்தினேன்'னு சொல்லுவார்," என்று மெர்வி முடித்தாள். முடித்த பிறகுதான் எல்லாரும் காப்பிப் பானைப் பக்கம் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

ஐலா பானையைக் கீழே வைத்தாள்.

"ஐலா, சும்மா, பழகறதுக்குன்னு..." என்று ஆரம்பித்தான் யல்மரி.

"ஜூன் மொத வாரம் பத்துக் கூடு வளையத்துல எறங்கல," என்றாள் ஐலா. குரல் உயரவில்லை. "உங்க ரைபிள்ல என்னமோ கோளாறுன்னு நெனச்சு, பாவம்னு, கழட்டித் துடைச்சு வெச்சேன். அடுத்த வாரமும் பத்து எறங்கல. அதுக்கும் அடுத்த வாரம் பத்து. எல்லாம் புதன்கிழமைக் கூடு. மத்த நாள்ல சுட்டது ஒழுங்கா எறங்குச்சு."

"தெரிஞ்சுக்கிட்டே அதையே பைனலுக்கு வெச்சியா? ஊரு முன்னாடி மானத்தை வாங்கறதுக்கா?"

"நான் எதையும் மாத்தல. நீங்க கொண்டு வந்ததைத் துடைச்சேன், ஏத்தினேன், உங்க பெட்டியில வெச்சேன். அது எந்த ரைபிளுக்குப் பழகுச்சோ அதுக்குத்தான் போகும்." அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "ரெண்டு மாசமா எரிஞ்சேன். தூங்கல. ஆனா அதுகூடப் பரவாயில்ல. நான் செஞ்சதை நீங்க செஞ்சதாச் சொல்லி ஒருத்திக்குக் குடுத்தீங்க பாருங்க, அது இப்பதான் தெரியுது. அதைத்தான் தாங்க முடியல."

யல்மரி சட்டையின் கழுத்துப் பட்டனை அவிழ்த்தான். ஆர்வோ இருபத்தாறு வருஷம் காத்திருந்த காட்சி இது. ரசிக்கத்தான் நினைத்தார். ஐலாவின் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமினார். "புகார் தள்ளுபடி. கோப்பை சைமிக்கே."

"கேட்டாலும் உடனே தரமுடியாது," என்றாள் சைமி. "அதுல வெங்காயம் போட்டு வெச்சிருக்கேன்."

மெர்வியின் கண் கலங்கியிருந்தது. "எனக்குத் தெரியாதுக்கா. பிரிஞ்சு தனியாத்தான் இருக்கேன்னு சொன்னார்."

ஐலா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மேஜைமேல் சாட்சியாக வைத்திருந்த பெட்டியை எடுத்தாள். உள்ளே மிச்சம் ஒன்பது தோட்டா.

"உன் ரைபிளைக் குடு."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. யல்மரி அடுப்புப் பக்கம் நகர்ந்தான். ஆர்வோ ஒரே எட்டில் கதவருகே வந்து நின்றார். "ஐலா, வேணாம்."

"தள்ளு ஆர்வோ. சுடற இடம் வெளியிலதானே இருக்கு?"

அவள் நேராகப் போய்ப் பாயில் படுத்தாள். மொத்தச் சங்கமும் பின்னால் வந்து நின்றது. இந்த மைதானத்தில் அவள் ஒருநாளும் சுட்டதில்லை. காப்பிதான் ஊற்றியிருக்கிறாள். ஒன்பது தடவை சத்தம் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி. தலைவர் இலக்கு அட்டையை எடுத்து வந்தார். ஒரு குண்டு இடது ஓரத்தில் ஏழு புள்ளி வட்டத்தில் விழுந்திருந்தது. மற்ற எட்டும் நடுப்பத்தில்.

"அந்த ஒண்ணு எங்க போச்சு?" என்றார் தலைவர், மற்ற எட்டையும் நம்ப முடியாமல்.

"அது அவரை நெனச்சுச் சுட்டது."

சைமி மெல்ல விசிலடித்தாள். "அடுத்த வருஷம் எனக்குக் கோப்பையும் இல்ல, வெங்காயத்துக்கு இடமும் இல்ல," என்று முணுமுணுத்தாள். அந்த முணுமுணுப்பில் விளையாட்டு பாதிதான் இருந்தது.

ஆர்வோ சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போனார். சொல்ல வேண்டியதை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தார். "ஐலா, நான் வேணும்னா உன்னை வீட்டுல..."

"கூட்டையெல்லாம் பொறுக்கும்மா," என்று ஐலா மெர்வியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "உன் கார்லதான வந்தே? வீட்டுக்கு வா, ஏத்தறது எப்படின்னு காட்டறேன். உன் ரைபிளுக்கும் ஒரு வளையம் கடையணும். இனிமே ஓசியில யாருகிட்டயும் வாங்காதே." அப்புறம்தான் ஆர்வோ பக்கம் திரும்பினாள். "என்ன ஆர்வோ, ஏதோ சொன்னியே?"

"ஒண்ணுமில்ல."

இரண்டு பெண்களும் கிளம்பிப் போனார்கள். யல்மரி ரைபிளைக் கட்டிப்பிடித்தபடி நின்றான். வந்தது ஐலாவின் காரில். இப்போது கார்ச்சாவி ஐலாவின் பையில்.

"சைமி..." என்றான் தரையைப் பார்த்தபடி. "டாக்ஸி வருமா?"

"வரும்ணே. ஏறுங்க. எங்க விடணும்னு மட்டும் யோசிச்சு வெச்சுக்கங்க."

அவன் பின் சீட்டில் ஒடுங்கினான். ஆர்வோ முன்னால் உட்கார்ந்து கண்ணாடியில் அவனைப் பார்த்தார். இருபத்தாறு வருஷம் பொறாமைப்பட்ட முகம். தேடிப் பார்த்தாலும் இப்போது அதில் பொறாமைப்பட ஒன்றுமில்லை. முன்னால், மண் பாதையில், மெர்வியின் சின்ன நீலக் கார் ஐலாவை ஏற்றிக்கொண்டு வளைவில் மறைந்தது. அந்த மருந்துக்கடைப் பெண்ணின்மேல் அவருக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

"இப்ப யாருமேல வயித்தெரிச்சல்?" என்றாள் சைமி, சாவியைத் திருகாமல்.

"யாருமேலயும் இல்ல."

"பொய் சொல்லாதீங்க. பாத்த உடனே தெரியுது. எனக்கும் அதே வியாதிதான், பதினோரு வருஷமா."

"உனக்கா? யாருமேல?"

"ஐலாமேல," என்றாள் சைமி. காதுவரை சிவந்துபோய், அவர் பக்கம் திரும்பாமலே வண்டியைக் கிளப்பினாள்.